வரிக்கு நாற்பது ரூபாய்

படத்தில் ஏழு வரிகள்தான் பேசுகிறார்கள்.
எழுபத்தொன்பது நிமிடத்துக்கு ஏழு.
இதைச் சுப்புராயன் என்னிடம் சொல்லவில்லை.
பென்டிரைவைக் கையில் திணித்து
"பிரெஞ்சுப் பொம்மைப்படம், ஈஸியா இருக்கும்"
என்றார்.
வரிக்கு நாற்பது ரூபாய் என்று
நான்தான் கறாராகப் பேசி முடித்தேன்.

முத்தியால்பேட்டை மாடியில்
மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்,
ஒரு முனகலும் தப்பிவிடக் கூடாதே என்று.
ஒருவன் மலையிலிருந்து கடலுக்கு
முதுகில் ஒரு மர அலமாரியைச் சுமந்து போகிறான்.
அவ்வளவுதான் கதை.
நீர்வண்ணத்தில் வரைந்த வானம்
ஓரங்களில் காயாமலே இருக்கிறது.
அவன் முட்டி பேசுகிறது. கீல் பேசுகிறது.
பாலத்தில் நின்று அவன் மூச்சு வாங்கும்போது
அலமாரிக்குள் ஒற்றை ஹேங்கர்
இப்படியும் அப்படியும் ஆடி
ணங் என்கிறது.
ணங்குக்கு யார் காசு தருவார்கள்?

வரி ஒன்று, ரயில் நிலைய ஒலிபெருக்கி. தாமதமாம்.
இரண்டு, டிக்கெட் பரிசோதகர், "இதுக்கும் எடுக்கணும்."
அப்புறம் ஒரு குடிகாரன் "ஒண்ணு" என்கிறான்,
வெகுநேரம் யோசித்து "ரெண்டு" என்கிறான்.
அதை நான் இரண்டு வரியாகத்தான் கணக்கு வைத்தேன்.
ஐந்தாவது வானொலி, மழைக்கு வாய்ப்பு.
ஆறாவதாக ஒரு குழந்தை அலமாரியைத் தட்டி
"உள்ள யாரு?"

ஏழாவதில் மாட்டிக்கொண்டேன்.

கடைசியில் கடலோரம் ஒரு வீடு.
கதவைத் திறக்கிறாள் ஒருத்தி.
அவன் குனிந்தபடியே நிற்க, அலமாரி சரிகிறது,
ஒரு கையால் அதைத் தாங்கி
மறு கையிலிருந்த கிண்ணத்தை நீட்டி
தியேன் என்கிறாள்.
பாதிச் சொல் மூக்கிலேயே தங்கிவிடுகிறது.

நீயா என்றும் ஆகும். பிடி என்றும் ஆகும்.
வாங்கிக்கொள், பார்த்தாயா, சரிதான்,
எல்லாம் ஆகும்.
இரண்டு ராத்திரி போனது.
சர்செல்லில் இருக்கும் அத்தை மகன் ழெராரைக் கேட்டேன்,
சொல்தா பென்ஷனில் வளர்ந்தவன்,
இருபது வருடமாக அங்கே பஸ் ஓட்டுகிறான்.
"அது சும்மா வாயில வர்றது,
அர்த்தம்லாம் கிடையாது, விட்டுடு" என்றான்.
பிறகு இருவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.
அவன் பக்கம் ஏதோ கொதிக்கும் ஓசை.
என் பக்கம் தெருவில் பிரெட்காரன் ஹார்ன்.
போனை வைக்காமல் கொஞ்சநேரம் இருந்தோம்.

"அட, நீயா" என்று எழுதி அனுப்பினேன்.

சனிக்கிழமை, சூஃப்ரேன் வீதி ஹால்.
முப்பத்தைந்து நாற்காலி, பத்தொன்பது பேர்,
ஏசிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி.
கடைசி வரிசைக்குப் பின்னால் அஞ்சலாட்சி
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து நின்று பார்த்தாள்.
படம் முடிந்தால்தான் கூட்டிவிட்டு
வைத்திக்குப்பத்துக்கு எட்டரை டெம்போவைப் பிடிக்க முடியும்.
குடிகாரனுக்குச் சிரித்தார்கள், என் எழுத்து வரும் முன்பே.
குழந்தை தட்டியபோது யாரும் கீழே பார்க்கவில்லை.
ஹேங்கர் ஆடியபோது வாளியில் ஒரு சொட்டு விழுந்தது,
சொல்லிவைத்த மாதிரி.

கதவு திறந்தது. அலமாரி சரிந்தது. கை நீண்டது.
"இந்தா" என்றாள் அஞ்சலாட்சி,
திரையில் அவள் வாய் திறப்பதற்குள்.
உரக்க இல்லை. வீட்டில் சொல்வது போல.
கூப்பிடவும் கொடுக்கவும் அதட்டவும்
எத்தனை தடவை நானே சொல்லியிருப்பேன்.
பிறகு வந்தது என் "அட, நீயா",
மஞ்சள் எழுத்தில், காற்புள்ளியோடு,
பந்தி முடிந்து வந்த சொந்தக்காரன் மாதிரி.

சுப்புராயன் இருநூற்றெண்பதை எண்ணிக் கொடுத்தார்,
ஏழாவதற்கும் சேர்த்து. நான் மறுக்கவில்லை.
அஞ்சலாட்சி அதற்குள்
நாற்காலிகளுக்கடியில் கூட்டிக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் போய் நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
வாயைத் திறக்கவில்லை.
சொல் இல்லாமலே இதெல்லாம் புரியும் என்று
எழுபத்தொன்பது நிமிடம் பார்த்தவள் நான்.

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"எங்கிட்ட சில்லறை இல்லையே" என்றாள்.